சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன்

சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன் (செப்டம்பர் 5, 1888 - ஏப்ரல் 17, 1975) இந்தியாவின் முதல் குடியரசுத் துணைத் தலைவரும் (1952-1962) இரண்டாவது குடியரசுத் தலைவரும் (1962-1967) ஆவார். மெய்யியல் பேராசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய இவர், இந்திய மெய்யியலை மேற்குலகினர் அறிந்துகொள்ளும் வகையில் ஆங்கிலத்தில் எழுதியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். 1954ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது பெற்றார். இவரது பிறந்த நாளான செப்டம்பர் 5 இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இவர் பிறந்த திருத்தணி, இவரது வாழ்நாளுக்குள்ளேயே சென்னை மாகாணத்திலிருந்து ஆந்திர மாநிலத்திற்கும், பின்னர் மீண்டும் சென்னை மாநிலத்திற்கும் மாறிய ஊராகும்.

பிறந்த ஊர்

திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாக விளங்கும் மலைக்கோயிலைக் கொண்ட சிற்றூராக இருந்தது. சூரனோடும் வேடரோடும் பொருத முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை எனப் பெயர் பெற்றதாகத் தலபுராண மரபு கூறுகிறது. அருணகிரிநாதர் இத்தலத்தைப் பாடியுள்ளார். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தமது முதல் கீர்த்தனையை இங்கேயே இயற்றினார் என்பது இசை மரபில் நிலவும் செய்தி. மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள், ஆண்டின் நாட்களைக் குறிக்கும் வகையில் 365 என்று எண்ணப்படுகின்றன. ஆடிக் கிருத்திகை இங்கு நடைபெறும் பெருவிழா ஆகும்.

இராதாகிருஷ்ணன் பிறந்த காலத்தில் திருத்தணி, சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகரம் சமீன் பகுதியைச் சேர்ந்ததாக இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒன்றாகப் புழங்கிய வட்டாரம் அது. கோயிலுக்கு வரும் அடியார்களிலும் இருமொழியாளரும் இருந்தனர். அக்காலத்தில் மாவட்ட எல்லை என்பது வரி வசூலுக்கும் நிர்வாகத்திற்கும் உரிய கோடாக மட்டுமே இருந்தது. மொழியின் அடிப்படையில் அமைந்த எல்லை என்ற ஒன்று அப்போது இல்லை.

இளமையும் கல்வியும்

இராதாகிருஷ்ணன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நியோகி அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சர்வேபள்ளி வீராசாமி, தாயார் சீதம்மா. நெல்லூர் மாவட்டத்திலுள்ள சர்வேபள்ளி என்னும் ஊரே இவரது முன்னோர்களின் ஊர். அதுவே குடும்பப் பெயராயிற்று. தந்தையார் சமீன் வருவாய்ப் பணியில் சிறிய பொறுப்பில் இருந்தார். குடும்பத்தின் வருவாய் குறைவானதாகவே இருந்தது.

பள்ளிப் பதிவுகளிலும் அரசு ஆவணங்களிலும் இவரது பிறந்த நாள் 1888 செப்டம்பர் 5 என்றே உள்ளது. எனினும் உண்மையான நாள் 1887 செப்டம்பர் 20 ஆக இருக்கலாம் என்று இவரே கருதியதாக, இவரது மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலில் குறிப்பிடப்பட்டுள்ளது. ஆசிரியர் நாள் பதிவேட்டிலுள்ள நாளையே பின்பற்றுகிறது.

தொடக்கக் கல்வியைத் திருத்தணியில் கற்ற இவர், 1896இல் திருப்பதியிலிருந்த லூத்தரன் மறைப்பணி அமைப்பின் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் பயின்றார். அதன் பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து இளங்கலை, முதுகலைப் பட்டங்களைப் பெற்றார். பெரும்பாலும் உதவித்தொகைகளைக் கொண்டே இவரது படிப்பு நடந்தது. இவர் பயின்ற திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய நான்கு ஊர்களும் அன்று ஒரே மாகாணத்தில் இருந்தன. பிற்காலத்தில் வரையப்பட்ட மாநில எல்லைக்கு இருபுறமும் அவை பிரிந்து போயின.

மெய்யியலை இவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய மெய்யியல் பாடநூல்களைக் கொடுத்ததால், புதிய நூல்கள் வாங்கும் செலவு மிஞ்சும் என்ற நிலையில் அப்பாடத்தைத் தேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே இவருக்கும் உறவினரான சிவகாமு அம்மையாருக்கும் திருமணம் நடைபெற்றது. இவர்களுக்கு ஐந்து மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

முதல் ஆய்வு

பள்ளி முதல் கல்லூரி வரை கிறித்தவ மறைப்பணி நிறுவனங்களிலேயே பயின்றதால், இந்து சமயத்தின் மீது அந்நிறுவனத்தார் வைத்த விமர்சனங்களை இராதாகிருஷ்ணன் அன்றாடம் கேட்டு வளர்ந்தார். அவற்றுள் முக்கியமானது, உலகத்தை மாயை என்று கொள்ளும் வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்பதாகும். இந்த விமர்சனம் இவரைப் பெரிதும் உறுத்தியது. தாம் பிறந்து வளர்ந்த மரபில் எது உயிருள்ளது, எது உயிரற்றது என்று ஆராயத் தூண்டியதும் அதுவே.

1908இல் முதுகலைப் பட்டத்திற்காக இவர் எழுதிய ஆய்வேடு வேதாந்தத்தின் அறவியலைப் பற்றியது. வேதாந்தத்தில் அறவியலுக்கு உறுதியான அடிப்படை உண்டு என்று அதில் வாதிட்டார். தமது ஆசிரியர்களின் சமயக் கருத்துக்கு எதிரான வாதம் அது. ஆயினும் மெய்யியல் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் அதனைப் பாராட்டிச் சான்று அளித்தார். ஆய்வேடு நூலாகவும் வெளிவந்தது. அப்போது இராதாகிருஷ்ணனின் வயது இருபது.

பேராசிரியர் பணி

1909ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியின் மெய்யியல் துறையில் பணியில் சேர்ந்தார். 1918இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியரானார். அதே ஆண்டு இரவீந்திரநாத் தாகூரின் மெய்யியல் பற்றிய இவரது நூல் வெளிவந்தது. 1921இல் அப்போதைய துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் மெய்யியல் இருக்கைக்கு அழைக்கப்பட்டார். மைசூரிலிருந்து இவர் புறப்பட்டபோது, மாணவர்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றதாகக் கூறப்படுகிறது.

கல்கத்தாவில் இருந்தபோது எழுதிய இந்திய மெய்யியல் வரலாறு இரு தொகுதிகளாக 1923, 1927ஆம் ஆண்டுகளில் இலண்டனில் வெளியானது. வேதகாலம் முதல் இராமானுசர் உள்ளிட்ட ஆசாரியர்கள் வரையிலான சிந்தனைகளை, ஐரோப்பிய மெய்யியல் கற்றவர்களுக்குப் பழக்கமான சொற்களில் இந்நூல் விளக்கியது. 1926இல் ஆக்சுபோர்டில் இவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இந்து வாழ்க்கை நோக்கு பற்றிய நூலாக 1927இல் வெளிவந்தன. 1926 செப்டம்பரில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற உலக மெய்யியல் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1931இல் பிரித்தானிய அரசு இவருக்கு சர் பட்டம் வழங்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னர் அப்பட்டத்தை இவர் பயன்படுத்தவில்லை. 1936இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்கள் மற்றும் அறவியலுக்கான இசுபால்டிங் பேராசிரியராக நியமிக்கப்பட்டு, 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார். இடையே, மதன் மோகன் மாளவியாவின் வேண்டுகோளை ஏற்று 1939 முதல் 1948 வரை பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

பதிப்புரிமை வழக்கு

இராதாகிருஷ்ணனின் கல்விப் பணியில் பெரிய சர்ச்சையாக அமைந்தது ஜதுநாத் சின்ஹா தொடுத்த வழக்கு ஆகும். கல்கத்தா பல்கலைக்கழகத்திற்குத் தாம் அளித்த ஆய்வேட்டின் பகுதிகள் இந்திய மெய்யியல் நூலின் இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டுள்ளன என்று சின்ஹா குற்றம் சாட்டினார். இக்குற்றச்சாட்டு அப்போது புகழ்பெற்றிருந்த மாடர்ன் ரிவ்யூ இதழில் வெளிவந்தது. 1929இல் சின்ஹா 20,000 ரூபாய் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார். இராதாகிருஷ்ணன் 1,00,000 ரூபாய் கோரி எதிர் வழக்குத் தொடர்ந்தார்.

இருவரும் ஒரே சமசுகிருத மூலங்களை மொழிபெயர்த்ததால் ஒற்றுமை ஏற்பட்டது என்பது இராதாகிருஷ்ணன் தரப்பு விளக்கமாக இருந்தது. 1933இல் இரு வழக்குகளும் நீதிமன்றத்திற்கு வெளியே சமரசமாக முடிந்தன. சமரசத்தின் விவரங்கள் வெளியிடப்படவில்லை. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லாததால், இச்சர்ச்சை இன்றளவும் இரு தரப்பாகவே பேசப்பட்டு வருகிறது.

மெய்யியல் கருத்துகள்

இராதாகிருஷ்ணன் அத்வைத வேதாந்தத்தைத் தமது அடிப்படையாகக் கொண்டார். ஆனால் உலகம் முற்றிலும் பொய் என்ற பொருளில் மாயைக் கோட்பாட்டை அவர் விளக்கவில்லை. உலகம் பிரம்மத்தைச் சார்ந்து நிற்கிறது, தனித்து நிற்கும் இறுதி உண்மை அன்று என்பதே அவரது விளக்கம். உலகம் பொருளற்றதன்று எனவே, அதில் மனிதன் செய்யும் அறச்செயலும் பொருளற்றதாகாது. மாணவப் பருவத்தில் கேட்ட விமர்சனத்திற்கான விடையை அவர் வாழ்நாள் முழுவதும் விரித்தெழுதினார் எனலாம்.

புலனறிவு, பகுத்தறிவு ஆகியவற்றுடன் உள்ளுணர்வையும் அறிவின் ஒரு வழியாக அவர் கொண்டார். எல்லாச் சமயங்களின் அடியிலும் இத்தகைய நேரடி அனுபவமே உள்ளது என்றும், சமயங்களுக்கிடையிலான வேறுபாடுகள் அவ்வனுபவத்தை விளக்கும் முறையில் தோன்றியவை என்றும் கருதினார்.

இக்கருத்துகளுக்கு எதிர்ப்பும் உண்டு. எல்லாச் சமயங்களையும் அத்வைதத்தின் அளவுகோலால் அவர் அளந்தார் என்றும், சாதியமைப்பைப் பற்றிய அவரது தொடக்ககால விளக்கங்கள் நடைமுறைக் கொடுமைகளைப் போதிய அளவு கருதவில்லை என்றும் ஆய்வாளர்கள் சிலர் குறை கூறியுள்ளனர்.

பொது வாழ்க்கை

இராதாகிருஷ்ணன் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருந்தவர் அல்லர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவரும் அல்லர். கல்வித் துறையிலிருந்தே பொது வாழ்க்கைக்கு வந்தார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த இவர், 1947 ஆகத்து 14 நள்ளிரவுக் கூட்டத்தில் நேருவின் தீர்மானத்தை ஆதரித்து உரையாற்றினார்.

1948இல் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்திற்குத் தலைமை வகித்தார். 1949இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கத் தனி அமைப்பு தேவை என்று பரிந்துரைத்தது. 1953இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைக்கப்பட்டது. கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று.

1949 முதல் 1952 வரை சோவியத் ஒன்றியத்திற்கான இந்தியத் தூதராக இருந்தார். வெளிநாட்டுத் தூதர்களை அரிதாகவே சந்தித்த இசுடாலின், இவரை இருமுறை சந்தித்தார்.

1952இல் குடியரசுத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1957இல் போட்டியின்றி மீண்டும் தேர்வானார். இப்பதவியின் வழியாகப் பத்து ஆண்டுகள் மாநிலங்களவைத் தலைவராகவும் இருந்தார். 1954இல் முதன்முறையாக வழங்கப்பட்ட பாரத ரத்னா விருதை இராஜாஜி, சி. வி. இராமன் ஆகியோருடன் பெற்றார். 1956இல் இவரது மனைவி சிவகாமு அம்மையார் காலமானார்.

திருத்தணியும் எல்லை மாற்றமும்

1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டபோது திருத்தணி அதனுள் அடங்கியது. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தவரை இதனால் சிக்கல் எழவில்லை. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அம்மாநிலத்திற்குச் சென்றது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த திருத்தணிப் பகுதியும் அத்துடன் சென்றது.

இதனை எதிர்த்து வடக்கெல்லைப் போராட்டம் நடைபெற்றது. அப்பகுதியில் தமிழ்க் கல்வியைப் பரப்பிய மங்கலங்கிழாரும், தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானமும் இப்போராட்டத்தில் முன்னின்றனர். திருப்பதி, சித்தூர், திருக்காளத்தி, புத்தூர், திருத்தணி ஆகிய பகுதிகள் தமிழர்க்கு உரியவை என்பது கோரிக்கையாக இருந்தது. பலர் சிறை சென்றனர், உயிரிழப்பும் ஏற்பட்டது. பின்னர் எச். வி. படாஸ்கர் நடுவராக இருந்து பரிந்துரை அளித்தார். அதன் அடிப்படையில் 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கு ஈடாகச் செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில சிற்றூர்கள் ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரப் பிரதேசத்திலேயே நீடித்தன.

இச்சட்டம் நிறைவேறிய காலத்தில் மாநிலங்களவைத் தலைவர் பதவியில் இருந்தவர் திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணனே ஆவார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவரது பிறந்த ஊர் தமிழ்நாட்டில் அமைந்ததும், முன்னோர்களின் ஊர் ஆந்திரப் பிரதேசத்தில் அமைந்ததும் இவ்வாறே. இதனால் இரு மாநிலத்தவரும் இவரைத் தம்மவராகக் கொள்கின்றனர். திருத்தணி முதலில் செங்கற்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் அடங்குகிறது.

குடியரசுத் தலைவர்

1962 மே 13ஆம் நாள் இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். பிறந்த நாளைக் கொண்டாட விரும்பி வந்த மாணவர்களிடமும் நண்பர்களிடமும், அந்நாளை ஆசிரியர்களுக்கு உரிய நாளாகக் கொள்வதே தமக்கு மகிழ்ச்சி என்று இவர் கூறியதாகவும், அதன்படி அவ்வாண்டு முதல் ஆசிரியர் நாள் கொண்டாடப்படுவதாகவும் கூறப்படுகிறது.

இவரது பதவிக்காலம் நெருக்கடிகள் நிறைந்தது. 1962 அக்டோபரில் சீனாவுடன் போர் மூண்டது. அம்மாதம் 26ஆம் நாள் நாட்டின் முதல் நெருக்கடி நிலையை இவர் அறிவித்தார். போரில் ஏற்பட்ட பின்னடைவுக்கு, சீனாவை எளிதில் நம்பியதும் ஆயத்தமின்மையும் காரணம் என்று அரசை வெளிப்படையாகவே குறை கூறினார். 1964இல் நேருவும், 1966இல் லால் பகதூர் சாஸ்திரியும் பதவியில் இருக்கும்போதே காலமாயினர். இருமுறையும் குல்சாரிலால் நந்தாவை இடைக்காலப் பிரதமராக நியமித்து, ஆட்சி மாற்றம் குழப்பமின்றி நடைபெற வழி செய்தார். 1965இல் பாக்கித்தானுடன் போர் நடைபெற்றதும் இவரது காலத்திலேயே ஆகும்.

தமிழக வரலாற்றில் இவரது பங்கு குறிப்பிடத்தக்கதாக அமைந்தது 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது ஆகும். போராட்டம் வலுத்த நிலையில், பிப்ரவரி 11ஆம் நாள் நடுவண் அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகினர். பதவி விலகலை ஏற்குமாறு பிரதமர் சாஸ்திரி பரிந்துரைத்தபோது, இராதாகிருஷ்ணன் அதனை ஏற்காமல், மறு ஆய்வு செய்யுமாறு பிரதமருக்கு அறிவுரை கூறினார். அதன் பின்னர் சாஸ்திரி, ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்ற உறுதிமொழியை வானொலி வழியாக நாட்டு மக்களுக்கு அளித்தார். இரு அமைச்சர்களும் பதவியில் தொடர்ந்தனர். அமைச்சரவையின் அறிவுரைப்படி செயல்பட வேண்டிய பதவியில் இருந்துகொண்டே, எச்சரிக்கை கூறும் உரிமையை ஒரு குடியரசுத் தலைவர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

இறுதிக் காலம்

1967 மே மாதம் பதவிக்காலம் முடிந்ததும் சென்னைக்குத் திரும்பி, மயிலாப்பூர் எட்வர்டு எலியட்சு சாலையில் இருந்த தமது இல்லத்தில் வாழ்ந்தார். அச்சாலை பின்னர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப் பெயர் மாற்றப்பட்டது. 1968இல் சாகித்திய அகாதமியின் உயரிய சிறப்பான உறுப்பாண்மை முதன்முதலாக இவருக்கு வழங்கப்பட்டது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அப்பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. 1975இல் டெம்பிள்டன் பரிசு வழங்கப்பட்டது. அப்பரிசுத் தொகை முழுவதும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்திற்கு அளிக்கப்பட்டது. அப்போது அவர் கடும் நோயுற்றிருந்தார். 1975 ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் காலமானார்.

மகன் சர்வேபள்ளி கோபால் (1923-2002) புகழ்பெற்ற வரலாற்றாசிரியர். நேருவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அவர், 1989இல் தந்தையின் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். தந்தையின் அறிவுத் திறத்தையும் பொதுப்பணியையும் போற்றும் அந்நூல், குடும்ப வாழ்க்கையில் அவரிடமிருந்த குறைகளையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. இராதாகிருஷ்ணனைப் பற்றி அறிய விரும்புவோருக்கு இன்றும் அதுவே முதன்மையான நூலாக உள்ளது.

நினைவு

தமிழ்நாடு அரசு சிறந்த ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் நல்லாசிரியர் விருது டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரால் வழங்கப்படுகிறது. வறுமைக்கிடையே உதவித்தொகையால் படித்து, உறவினர் கொடுத்த பழைய பாடநூல்களால் மெய்யியலுக்கு வந்த திருத்தணி மாணவர் ஒருவரின் பெயர் அவ்விருதில் நிலைத்துள்ளது.

எழுதிய முக்கிய நூல்கள்

இவரது நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் சில ஆண்டு வரிசையில் கீழே தரப்பட்டுள்ளன.

1918 - இரவீந்திரநாத் தாகூரின் மெய்யியல்
1920 - சமகால மெய்யியலில் சமயத்தின் ஆதிக்கம்
1923, 1927 - இந்திய மெய்யியல் (இரு தொகுதிகள்)
1927 - இந்து வாழ்க்கை நோக்கு
1932 - கருத்தியல்வாத வாழ்க்கை நோக்கு
1939 - கீழைச் சமயங்களும் மேலைச் சிந்தனையும்
1948 - பகவத் கீதை (மொழிபெயர்ப்பும் விளக்கமும்)
1950 - தம்மபதம் (மொழிபெயர்ப்பும் விளக்கமும்)
1953 - முதன்மை உபநிடதங்கள் (மொழிபெயர்ப்பும் விளக்கமும்)
1960 - பிரம்ம சூத்திரம் (மொழிபெயர்ப்பும் விளக்கமும்)